மாப்பிள்ளையின் தங்கக் கடிகாரம்

என் தமக்கை லால்குடிப் புக்ககத்திலிருந்து திரும்பி வந்தபோது, அவளோடு ஒரு கைக்கடிகாரமும் வந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது; நான் சிறு பையன். கலியாணத்தில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் அணிவிப்பது அக்காலத்தில் தவறாத சீர். அது பழுதுபட்டால் செப்பனிட்டுத் தருவதும் பெண் வீட்டார் கடமை என்பது எழுதப்படாத விதி. ஜீயபுரத்து வாழைக்கொல்லையை விற்று என் தந்தையார் வாங்கிய சுவிஸ் தேசத்துத் தங்கக் கடிகாரம், ஓராண்டு நிறைவதற்குள் நின்றுவிட்டதாம். "தானாவே நின்னுடுத்து. ரிப்பேர் பண்ணினப்புறம் பொண்ணையும் சேர்த்துக் கொண்டுவந்து விடுங்கோ" என்று சம்பந்தி சொல்லியனுப்பியிருந்தார்.

அக்கா காதோரம் கூந்தலைத் தாழ்த்தி வாரியிருந்தாள். அதனடியில் ஆறத் தொடங்கிய ஒரு புண். நிலைப்படியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள்; ஒருவரும் மறுமுறை கேட்கவில்லை. வீடு முழுவதும் கடிகாரத்தைப் பற்றியே பேசிற்று.

"தெப்பக்குளத்தண்டை ஒருத்தன் இருக்கான். உட்கார்ந்த இடத்துலேயே சரிபண்ணிடுவான்" என்றார் மாமா.

"உள்ள இருக்கறதை உருவிண்டு வேற எதையாவது சொருகிடுவான். அப்புறம் அது நாம குடுத்த கடிகாரமா?" என்றார் தந்தையார்.

அவர் நாள்தோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் போய் விசாரித்தார். எவன் முறையாகத் தொழில் பயின்றவன், எவனுக்குக் கம்பெனியிலிருந்தே அசல் பாகங்கள் வருகின்றன என்று டாக்டர்களிடமும் வக்கீல்களிடமும் கேட்டறிந்தார். ஒருநாள் தளிகை பரிமாறிக்கொண்டே அம்மா சொன்னாள்: "கடிகாரக்காரனைப் பத்தி இவ்வளவு விசாரிக்கறேளே, மாப்பிள்ளைக்கு ஜாதகத்தை மட்டுந்தானே பார்த்தோம்." தந்தையார் பாதிச் சாதத்தில் எழுந்து கையலம்பப் போய்விட்டார்.

முடிவில் பெரியகடை வீதியில் ஒருவர் தேறினார். பம்பாயில் பயின்றவர், நற்சான்றுப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார், அதற்கேற்ற கர்வமும் உண்டு. "ரோட்டோரத்துல எவனாச்சும் மூடியைத் தொறந்திருந்தா நான் தொடவே மாட்டேன், சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் கடிகாரத்தைக் கையில் வாங்கினார். திறந்ததும், தந்தையாரோடு போயிருந்த என் கண்ணில் தம் உருப்பெருக்கியை வைத்து, "அதோ பாரு தம்பி, மயிரிழை மாதிரி ஒரு சுருள். அதான் இதுக்கு உசுரு" என்றார். பிறகு தந்தையாரிடம், "சக்கரத்தோட அச்சு முறிஞ்சிருக்கு. கைதவறி விழுந்தா இப்படி ஆகாதுங்க. யாரோ ஓங்கி எறிஞ்சிருக்காங்க" என்றார்.

அடுத்து, பட்டை கோக்கும் இடுக்கிலிருந்து எதையோ இடுக்கியால் மெல்ல உருவி வெள்ளைத்தாளில் வைத்தார். நீளமான ஒரு தலைமயிர். அதில் காய்ந்து கறுத்த பொருக்கு. அவர் நிமிர்ந்து தந்தையாரைப் பார்த்தார். குரலில் கர்வம் இல்லை.

"வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானுங்களே, சாமி?"

"பெருமாள் கிருபை" என்றார் தந்தையார். அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கடைக்காரர் சொன்ன சுருள்தான் அறுந்து வந்துவிட்டது என்று நான் எண்ணினேன். விலையுயர்ந்த பொருளின் ஒடிந்த துணுக்கைக்கூட விட்டுவராத தந்தையாரின் சாமர்த்தியத்தை வியந்தேன்.

வீட்டில் அம்மா, என்ன பழுதென்று கேட்டாள். "அழுக்கு சேர்ந்துடுத்தாம்" என்றார், பொய்யே உரைத்தறியாதவர். திருத்துவதற்கு வாயெடுத்த நான், அவர் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன்.

சீக்கிரமே கடிகாரம் ஓடிற்று. தந்தையாரும் அக்காவும் நானும் லால்குடிக்குப் புறப்பட்டோம். ரயிலடியில் அக்கா தலைகுனிந்தபடி கேட்டாள்:

"அப்பா, அது இன்னும் கொஞ்ச நாள் அந்தக் கடையிலேயே இருக்கப்படாதா?"

"சரியாயிடுத்தேம்மா" என்றார்.

மாப்பிள்ளை கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டு, "பேஷா ஓடறதே!" என்றார். தந்தையார் புன்னகைத்தார். அக்கா உள்ளே போனவள் நாங்கள் விடைபெறும்வரை வெளியே வரவில்லை.

திரும்பும்போது ரயில் கொள்ளிடப் பாலத்தில் ஏறிற்று. விளக்கேற்றும் பொழுது. எங்கிருந்தாலும் அவ்வேளையில் எம்பெருமானிடம் அடைக்கலம் வேண்டும் பாசுரம் ஒன்றைச் சேவிப்பது தந்தையார் வழக்கம். அன்றும் கோபுரமிருந்த திக்கை நோக்கிக் கைகூப்பினார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அந்தப் பாசுரம் எனக்குப் பாடம். பெருமிதத்தோடு முதற்சொல்லை எடுத்துக்கொடுத்தேன். அவர் தொடரவில்லை. காதில் விழவில்லை போலும் என்று, பெட்டியிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன். அவர் மேலுத்தரீயத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பாவுக்குப் பாசுரமே மறந்துவிட்டது என்று வீட்டிற்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.