ஆளுக்கொரு பூட்ஸ்

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்த முதல் மழைக்காலம். களை எடுக்கும் நாற்பது பேருக்கு முதலாளி இருபது ஜோடி ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்து இறக்கினார். மீதி எப்போது வரும் என்று கேட்டேன். "சமமாப் பிரிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கார் ஏறிவிட்டார்.

கல்லூரியில் சமத்துவம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவன் நான். இருந்தும் என்ன, யாருக்கு முதலில் என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் பெரிய சண்டை. வயதானவர்களுக்கு என்றது ஒரு கூட்டம். அட்டை அதிகமுள்ள பள்ளத்தில் வேலை செய்பவர்களுக்கு என்றது இன்னொன்று. கடைசியில் அவர்களை வேலை வாங்கும் மேஸ்திரிதான் வழி சொன்னார்.

"கோயில் நோம்பிக்குக் கறி கூறு போடறமில்லீங்க? ஈரல் பூராத்தையும் ஒருத்தனுக்கேவா போடறம்? எல்லாக் கூறுலயும் எல்லாம் இருக்கோணும். அதாட்டம் ஆளுக்கு ஒண்ணு குடுத்துருங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்டதும் பூரித்துப்போனேன். சீட்டுக் குலுக்கி, இடதும் வலதுமாக நாற்பது பூட்ஸையும் கொடுத்தேன். மறுநாள் காலையில் நாற்பது பேரும் விந்தி விந்தி மேடேறினார்கள். யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. அட்டைகள் பூட்ஸ் இல்லாத காலுக்கு மாறிக்கொண்டன.

வலது காலில் ஆறாத புண்ணோடு வந்துகொண்டிருந்த ஓர் அக்காவுக்கு இடது பூட்ஸ் விழுந்திருந்தது. சேறு பட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வேலைக்கு வராவிட்டால் அடுப்பு எரியாது. பக்கத்தில் நின்றவள் தன் வலது பூட்ஸை மாற்றிக்கொடுக்கக் கழற்றினாள். நான்தான் தடுத்தேன். சீட்டில் விழுந்ததை மாற்றினால் நியாயம் என்ன ஆவது?

அக்கா சத்தம் போடவில்லை.

"ஏனுங்க ரைட்டரய்யா, எல்லாத்துக்கும் ஒண்ணுன்னீங்க. உங்களுக்கு மட்டும் ரெண்டு எந்தச் சீட்டுலீங்க உழுந்துச்சு?"

நாற்பது பேரும் என் கால்களைப் பார்த்தார்கள். உத்தியோகத்தோடு வந்த பூட்ஸ் அது. அதையும் பங்கில் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வலது பூட்ஸைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். கொஞ்சம் பெரிதுதான். சாக்குத்துணியை உள்ளே திணித்துப் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு மட்டும் இரண்டு எப்படி என்று யாராவது கேட்பார்கள் எனக் காத்திருந்தேன். எல்லோரும் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.