மிச்சம் வைக்காத ஜெபம்

போன வருசம் வைகாசி மாதம் என் மகன் செல்வராஜ் பேசுவதை நிறுத்தினான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தபோது அவன் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தான். உள்ளே இருந்த மாரியப்பன் போய்விட்டான். இரண்டு பேரும் பதினோரு வருசம் ஒரே வேனில் போய், ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள்.

சபையார் நீங்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தீர்கள். "ஒங்க மகனைக் கர்த்தர் காப்பாத்திட்டாரும்மா, சாட்சி சொல்லுங்க" என்றீர்கள். நானும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன். நீங்களும் அல்லேலூயா போட்டீர்கள். அது பொய்ச் சாட்சி. அந்த நேரம் என் மகன் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காப்பாற்றப்பட்டவன் மாதிரியே இல்லை. அதனால் அந்தச் சாட்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உண்மையானதைக் கொடுக்க வந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பேர் ஞானம்மாள். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர். இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் அழுதார், நான் நின்றுவிட்டேன்.

சின்ன வயதிலிருந்தே கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் வேலை நாளில் ஜெபிக்க மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவேன். சீசனில் மூச்சுவிட நேரம் கிடைக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முழங்கால் போட்டு ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஜெபித்துவிடுவேன். திங்கட்கிழமை மூட்டுவலி, செவ்வாய்க்கிழமை மகன், புதன்கிழமை பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஆண்டவரே, ஏழு நாளைக்கும் சொல்லிட்டேன், நடுவுல ஒங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று எழுந்துவிடுவேன். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்.

மகன் படுத்த பிறகு அந்த ஜெபம் எனக்கு உதவவில்லை. முழங்கால் போட்டால் வாய் வரவில்லை. கர்த்தர் எனக்கு அறுபது வருசமாகத் தெரிந்தவர் என்று நினைத்திருந்தேன். அவரிடம் இரண்டு வார்த்தை பேச எனக்குத் தெரியவில்லை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். "தனியா விடாதீக, பாத்துக்கிட்டே இருங்க" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு மத்தியானம் நான் குளிக்கப் போன நேரத்தில் ஆளைக் காணோம். தேடிப் போனால் கம்மாய்க்கரைக் கிணற்றுச் சுவர்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

கூப்பாடு போட்டால் குதித்துவிடுவான் என்று பயம். மெல்லப் போனேன். "ஏலே, தள்ளி உக்காரு, எனக்கும் எடம் வேணும்" என்று சொல்லி, மூட்டுவலியோடு நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கையை என் மடிக்குள் வைத்துக்கொண்டேன். "நீ போனா நானும் வருவேன். ஆனா எனக்கு நீச்சல் தெரியாது, நீதான் தூக்கணும்" என்றேன். ரொம்ப நேரம் கழித்து என்னைப் பிடித்து இறக்கிவிட்டு, தானும் இறங்கினான்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் தீர்மானம் பண்ணினேன். இந்தப் பிள்ளையை நான் விடப்போவதில்லை. கர்த்தரையும் விடப்போவதில்லை. தினமும் காலையில் அவர் முன்னால் போய் உட்காருவேன், அவர் எழுந்து போகச் சொன்னாலும் போகமாட்டேன் என்று.

காலை ஐந்து மணி. மகன் படுத்திருக்கிற அதே அறையில், அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். எங்கே வாசிப்பது என்று தெரியாது. என் மருமகள் மேரி வேதப் புத்தகத்தில், மோசே ஜனங்களை எகிப்திலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்புகிற இடத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல்துண்டை வைத்துக் கொடுத்தாள். விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, சத்தம் போட்டு வாசித்தேன். ஒரு நாளைக்குப் பத்து வரி. அதற்கே வேர்த்துவிடும்.

மேரி அடுப்படியிலிருந்து, "அத்தை, நீங்க வாசிக்கிற வேகத்துக்கு இஸ்ரவேல் ஜனம் கானான் தேசத்துக்குப் போயி வீடு கட்டி வாடகைக்கும் விட்டுருவாக" என்பாள்.

"போகட்டும்டி. நான் பின்னால நடந்து வந்துக்கிறேன்" என்பேன்.

வாசித்து முடித்ததும் கர்த்தரிடம் பேசுவேன். முதல் வாரம் சண்டைதான் போட்டேன். "காப்பாத்துறதுன்னா முழுசாக் காப்பாத்தும், பாதியைக் கிணத்துக்கா விட்டீரு?" என்று கேட்டேன். இரண்டாவது வாரம் சண்டை தீர்ந்துபோய், சும்மா அழுதேன். அப்புறம் ஒரு நாள் கேட்பதற்கு எதுவுமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம். மகன் மூச்சு விடுகிற சத்தம். அவரும் அந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் உங்களுக்குத் தெரியாதா?

மகன் மட்டும் அப்படியே கிடந்தான். ஒரு மாதம் போனது. ஆடியும் பிறந்தது. "போதும் அத்தை, ஒங்க தொண்டையும் கெட்டுப்போச்சு" என்றாள் மேரி. நான் நிறுத்தவில்லை.

அப்படி வாசித்து வாசித்து, வனாந்தரத்தில் அவர்களுக்கு மன்னா என்கிற அப்பம் வானத்திலிருந்து விழுகிற இடத்துக்கு வந்தேன். காலையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ள வேண்டும், மறுநாளைக்கு எடுத்து வைக்கக்கூடாது என்று மோசே சொல்கிறார். சிலர் கேட்கவில்லை. எடுத்து வைத்தார்கள். அது புழுத்து நாறிப்போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி மேரி, என் ஞாயித்துக்கிழமை ஜெபத்தைத்தான்டி எழுதியிருக்கு! ஏழு நாளைக்கு எடுத்து வச்சேன்ல, நாறிப்போச்சு பாரு!" என்று சொல்லிச் சிரித்தேன்.

அப்போது மகனுடைய படுக்கையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி.

"மிச்சம் வச்சா சூடாகும்."

"என்னலே சொன்னே?"

"சூடாகி வெடிச்சிரும்மா. கலந்த மருந்தை அன்னைக்கே தீத்துறணும். மிச்சம் வைக்கக்கூடாது. எல்லாருக்கும் தெரியும்." சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "லோடு போகணும், நேத்து மிச்சத்தையும் சேத்து எடுத்துக்கங்கன்னு கம்பெனியில சொன்னாக. நான் தொட்டுப் பாத்தேன். சூடா இருந்துச்சு. மாரிட்ட நான் சொல்லலம்மா. வாயத் தொறக்காமத் தண்ணி குடிக்கப் போயிட்டேன்."

அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். நாற்பத்திரண்டு வயது ஆள், மீசை வைத்தவன், உச்சி வெயில் ஏறுகிற வரைக்கும் அழுதான். மேரியும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, கஞ்சி கேட்டான். இரண்டு கும்பா குடித்தான்.

மறுநாள் காலையில் அவனாகவே எழுந்து பக்கத்தில் உட்கார்ந்தான். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி அவனே வாசித்தான். வாசித்து முடித்து, "மாரி வீட்டுக்குப் போகணும்மா" என்றான்.

மாரியப்பன் பெஞ்சாதி முத்துலட்சுமி. அவர்கள் நம்ம சபை இல்லை. நானும் கூடப் போனேன். என் மகன் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பிள்ளை முத்துலட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஓடி வந்து அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தது. நான் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் படியில் உட்கார்ந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே" என்றது. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமேயாவது சொல்லுங்க. விசாரிக்க வாறவுககிட்டச் சொல்லுங்க. எவன் தடுத்தாலும் சொல்லுங்க" என்றது.

சொன்னான். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். கம்பெனியிலிருந்து ஆள் வந்து பயம் காட்டினார்கள். அவன் மாற்றிச் சொல்லவில்லை. பழைய வேலை போனது. இப்போது விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் மூட்டை ஏற்றுகிறான். மாத்திரையும் சாப்பிடுகிறான். ஜெபிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு பைத்தியம். சில நாள் அவன் முகம் இருண்டுவிடும். அன்றைக்கு இரண்டு பேரும் கூடக் கொஞ்ச நேரம் உட்காருவோம்.

இதுதான் என் சாட்சி. வெடியிலிருந்து தப்பினதைவிட, மனசுக்குள் அடைத்து வைத்ததிலிருந்து என் மகனைக் கர்த்தர் வெளியே எடுத்தாரே, அதற்குத்தான் நான் நன்றி சொல்கிறேன். என் ஜெபம் கேட்கப்பட்டது மட்டும் இல்லை. அறுபது வருசமாகப் பக்கத்தில் இருந்தும் பழகாத ஒருவரோடு எனக்குப் பழக்கமும் ஆனது.

உங்களில் நேரம் இல்லாதவர்கள் இருக்கிறீர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் இருக்கிறீர்கள். அந்த மூன்றாவது வரிசையில் தூங்குகிறவர்களும் இருக்கிறீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாளைக்குக் காலையில் உட்காருங்கள். தப்பும் தவறுமாக வாசியுங்கள். அழ வேண்டுமென்றால் அழுங்கள், சண்டை போட வேண்டுமென்றால் போடுங்கள், அவர் தாங்குவார். ஒரு நாள் ஒன்றும் நடக்காது. பத்து நாளும் நடக்காது. எழுந்துவிடாதீர்கள்.

இன்று காலையில் நான் கோயிலுக்குக் கிளம்பும்போது என் மகன் வீட்டுக்குப் பின்னால் குளித்துக்கொண்டே பாடினான். ராகமும் இல்லை, தாளமும் இல்லை, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "பாடுலே, இன்னும் சத்தமாப் பாடு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.