பூண்டு அறையில் பதிந்த குரல்

என் அக்காள் புருஷன் செல்லப்பாண்டியை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. எங்கள் மலைக்கிராமம் கிளாவரையில் பூண்டும் கேரட்டும் போடுகிற மனிதர், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் புதிதாக எந்தப் போன் வந்திருக்கிறது, எந்த சாஃப்ட்வேரில் என்ன கோளாறு என்று கொடைக்கானல் மொபைல் கடைக்காரர்களே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

நான் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். காலையில் காய் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போய், சாயங்காலம் ஊர்ச் சாமான்களோடு திரும்புவேன். கொரியர்காரர்கள் எங்கள் ஊர் வரை வருவதில்லை என்பதால் மச்சானின் பார்சல்கள் என் வண்டியில்தான் ஏறும். மண்ணில் குத்தினால் ஈரம் சொல்லும் கருவி, பூண்டுப் பல்லில் இருக்கிற புழுவைப் பெரிதாகக் காட்டும் குட்டி மைக்ராஸ்கோப், கையால் சுற்றினால் சார்ஜ் ஏறும் டார்ச். ஒரு தடவை பன்றி விரட்ட ஸ்பீக்கர் வாங்கி, எந்த வெப்சைட்டில் இருந்தோ புலி உறுமலை இறக்கித் தோட்டத்தில் ஓடவிட்டார். ஊர் நாய்கள்தான் மூன்று நாள் அக்கா வீட்டு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் பன்றி வந்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போனது.

“இதுக்கு நானே ரெண்டு சத்தம் போட்டிருப்பேனே” என்றாள் என் அக்கா சிவபாக்கியம்.

போட்டிருந்தால் ஓடியிருக்கும். அப்படிப்பட்ட தொண்டை அவளுக்கு. வீட்டு வாசலில் நின்று “ஏங்க... சோறு ஆறுது, வெரசா வாங்க” என்று கூப்பிட்டால், சரிவில் படிபடியாக இறங்கும் தோட்டத்தின் கடைசிப் படி வரை கேட்கும். எங்கள் ஊரில் போன் டவர் எடுக்காது. நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு வளைவில் நின்றால்தான் சிக்னல். “சிவபாக்கியத்துக்கு எதுக்குய்யா போனு, டவரே அவதானே” என்று ஊரில் கேலி செய்வார்கள். என்னைத் திட்டினாலும் அதே சத்தம்தான். எனக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். அவளுக்கு நான் இன்னும் “ஏலே ஆனந்து”.

போன வருஷம் ஆடியில் அந்தத் தொண்டை கட்டியது. பூண்டுக்குப் போடுகிற புகை என்று நினைத்தோம். மிளகுக் கஷாயம் குடித்தாள். ஐப்பசியிலும் கரகரப்பு போகவில்லை, எச்சில் விழுங்கவே முகம் சுளித்தாள். மதுரைக்குக் கூட்டிப் போனோம். புற்று என்றார்கள். குரல்பெட்டியை முழுசாக எடுத்தால் உயிர் தங்கும் என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பதினெட்டு நாள் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்.

திரும்பி வரும்போது என் வண்டியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மச்சான் சொன்னார்.

“பாக்கியம், ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. உன் குரலை இப்பவே எடுத்து வச்சுக்கலாம். பின்னாடி நீ போன்ல எழுதுனா, அது உன் குரல்லயே பேசும்.”

“இத்தனை வருசத்துல உருப்படியா ஒரு சாமானு கண்டுபிடிச்சிருக்கீங்க” என்றாள் அக்கா. அவள் சிரித்ததைப் பார்த்து நாங்களும் சிரித்தோம். எனக்கு அன்றைக்கு மச்சான் மேல் மரியாதையே வந்துவிட்டது.

குரலைச் சேமிக்கும் அந்த சாஃப்ட்வேர் இருநூற்றைம்பது வாக்கியங்களைத் திரையில் காட்டும். ஒவ்வொன்றையும் சத்தம் இல்லாத இடத்தில் வாசிக்க வேண்டும். எங்கள் வீடுகளில் சத்தம் இல்லாத இடம் ஏது? தகரக் கூரை, காற்று, கோழி. மச்சான் யோசித்து, விதைப்பூண்டு தொங்கவிட்டிருக்கும் அறையைப் பிடித்தார். மேலே இருந்து கீழே வரை பூண்டுக் கட்டுகள் நெருக்கமாகத் தொங்கின. பேசினால் எதிரொலி இல்லை. “ஸ்டூடியோவுல பஞ்சு ஒட்டுவாங்க, நமக்கு பூண்டு” என்று பெருமையாகச் சொன்னார். பூண்டு நெடியில் அக்காவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, தண்ணீர் குடித்து, மறுபடி உட்காருவாள்.

அந்த வாக்கியங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ‘நூலகம் காலை பத்து மணிக்குத் திறக்கப்படும்.’ ‘இன்று வானம் தெளிவாகக் காணப்படுகிறது.’ ‘தங்கள் வருகைக்கு மிக்க நன்றி.’ அக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தாள்.

இருபது வாக்கியம் பதிந்ததும் மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போவார். அங்கே சிக்னல் வந்ததும் எல்லாம் இன்டர்நெட்டில் ஏறும். எழுதியிருப்பதை அப்படியே வாசித்திருந்தால் பச்சை, மாறியிருந்தால் சிவப்பு. ‘அவர்கள் நாளை வருகிறார்கள்’ என்பதை அக்கா “அவுக நாளைக்கு வாராக” என்று சொல்லியிருப்பாள். சிவப்பு. ‘உணவு தயாராக உள்ளது’ என்பதைப் படித்த மூச்சிலேயே, “ஆமா, இவரு வந்து தின்னாத்தான” என்று சேர்த்துச் சிரித்திருப்பாள். சிவப்பு. சிவப்பு வந்ததை அழித்தால்தான் அதே எண்ணில் புதிதாகப் பதிய முடியும். மச்சான் திரும்பி வந்து ஒவ்வொன்றாக அழிப்பார்.

“தப்பு பாக்கியம். எழுதியிருக்கிறத மட்டும் வாசி.”

“அப்படியா நாம பேசுறோம்?”

“மிசினுக்கு அதான் புரியும்.”

நானும் பக்கத்தில் நின்றேன். “ஒழுங்கா வாசி அக்கா, நாள் இல்ல” என்று நானும்தான் அதட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது? பதினாறு நாளில் இருநூற்றைம்பதும் பச்சை. மச்சான் வளைவில் நின்று விசிலடித்ததாகக் கேட்டவர்கள் சொன்னார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் துணி. தொண்டையில் வைத்து அழுத்திப் பேசும் ஒரு கருவியையும் மச்சான் வரவழைத்தார். அது வண்டு மாதிரி ரீங்கரித்தது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை, பெட்டியிலேயே போட்டுவிட்டாள். அவள் காத்திருந்தது போனுக்குத்தான். நாங்களும்தான்.

வளைவுக்கு எல்லோரும் போனோம். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் தாரணிக்கு மச்சான் போன் போட்டார். அக்கா இன்னொரு போனில் மெதுவாக எழுத்துக்கூட்டி அழுத்தினாள். அது பேசியது. “தாரணி, நான் நலமாக இருக்கிறேன். நீ சாப்பிட்டாயா?”

குரல் அக்காவுடையதுதான், சத்தியமாக அவளுடையதுதான். ஆனால் என் அக்கா அதில் இல்லை. மைக் முன்னால் வரவேற்புரை வாசிக்கும் யாரோ ஒரு பெண் இருந்தாள். அந்தப் பக்கம் தாரணி கேட்டாள்.

“யாருப்பா இது? அம்மா எங்க? போன அம்மாகிட்ட குடுங்கப்பா.”

“அம்மாதான்மா.”

“இல்லப்பா...” என்று அழ ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் அக்காவும் அழுதாள். அவளுக்கு இப்போது அழுகைக்கும் சத்தம் கிடையாது. அதைப் பார்க்க முடியாமல் நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

நம் பேச்சை அப்படியே எழுதிப் பார்த்தோம். ‘ஏலே ஆனந்து’ என்று அக்கா எழுதினாள். தெரியாத ஊரின் பெயர்ப்பலகையை வாசிப்பதுபோல அது வாசித்தது. அதற்கு என்ன தெரியும்? நாங்கள் பச்சை வாங்கிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு வாசலில் வைத்து நான் கத்திவிட்டேன். “அவ சிரிச்சது, திட்டுனது எல்லாத்தையும் உங்க கையாலயே அழிச்சிட்டீங்களே மச்சான்! அதுதான அக்கா!” அதற்கு முன்னால் அவள் பேசியதை நாங்கள் யாரும் பதிந்ததில்லை. பக்கத்திலேயே இருக்கிறவளுக்கு யார் போன் பண்ணுவார்கள், யார் பதிந்து வைப்பார்கள்? வேறு எங்காவது இருக்குமா என்று தேடினோம். கல்யாண வீடியோக்களில் மைக் செட் பாட்டுதான் கேட்டது. திருவிழாக் கடை மாதிரி வீடு நிறைய மெஷின், அக்கா குரல் மட்டும் எதிலும் இல்லை.

மச்சான் தோட்டத்துச் சோலியை விட்டுவிட்டு, அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர்களாகத் தேடினார். வளைவில் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். ஒன்றும் வரவில்லை. அழித்த இடத்தில் புதிது ஏறிவிட்டால் பழையது திரும்பாதாம். ஊருக்கெல்லாம் அதை விளக்கிச் சொன்னவரே அவர்தான். ஒன்பதாம் நாள், பச்சை வாங்கிய வாக்கியங்களையே முதலில் இருந்து கடைசி வரை கேட்க ஆரம்பித்தார். வாக்கியம் முடிந்து ஒரு மூச்சு இடைவெளி விட்டால், சாஃப்ட்வேர் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் இருப்பதை விட்டுவிடும். போனில் இருக்கும் பதிவில் அந்த மிச்சம் அப்படியே இருக்கும். பெரும்பாலும் மூச்சு, இருமல், நாற்காலி நகரும் சத்தம்.

ஒரு சாயங்காலம் நான் பார்சல் இல்லாமல் சும்மா போயிருந்தேன். அக்கா அடுப்படியில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் வெளியில் இருந்து ஓடி வந்தார். “ஒண்ணு கெடச்சிருக்கு” என்று போனை எங்கள் நடுவில் வைத்தார்.

முதலில், ‘தங்கள் வருகைக்கு மிக்க நன்றி.’ பிறகு ஒரு மூச்சு. பிறகு அக்கா. மைக்குக்காக இல்லாமல், சும்மா, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற என் அக்கா.

“ஏங்க, இங்கன பாருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு—”

“பேசாத புள்ள, ஓடிக்கிட்டு இருக்கு.”

அவ்வளவுதான். அது மச்சானின் குரல். மறுபடி போட்டார். மறுபடி அவரே வந்து அவளை நிறுத்தினார். மூன்றாம் தடவையும் போட்டார். அக்கா அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து, காதைப் போனருகில் வைத்துக் கேட்டாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“பாக்கியம், என்னத்தச் சொல்ல வந்த? இப்பச் சொல்லு. எம்புட்டு நேரம் ஆனாலும் எழுது, நான் இருக்கேன்” என்றார் மச்சான்.

அக்கா கூரையைப் பார்த்து யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம், பூண்டு அறைக்குள், புருஷனிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிய ஒன்று. பிறகு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அவளுக்கு எழுத நேரமாகும் என்று அதில் தயாராகச் சில வாக்கியங்கள் பொத்தான்களாக இருக்கும். அதில் ஒன்றைத் தேடி அழுத்தினாள்.

அவள் குரலில், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல், அது சொன்னது:

“மன்னிக்கவும். எனக்கு நினைவில்லை.”