அரை ரொட்டியின் கடைசிச் சுவரொட்டி

எங்கள் ரொக்காமோரா ஊரில் ஒருவர் இறந்தால் ஊருக்குச் சொல்வது சுவர்தான். சுவரொட்டி அடிப்பவர் கனியோ. பசை வாளியோடு போய் ஒட்டுவது நான்; இருபது வருடமாக அதுதான் என் பிழைப்பு.

எழுத்து விஷயத்தில் கனியோ மகா பிடிவாதக்காரர். இறந்தவரின் பதிவுப் பெயருக்கு நிமிர்ந்த தடித்த எழுத்து. அதன் கீழே பட்டப்பெயருக்கு மட்டும் தடித்த சாய்வெழுத்து: நுனியில் குட்டிக் கொக்கிகள், பருத்த வயிறு, வலப்பக்கம் ஒரு சாய்வு. நிமிர்ந்த எழுத்து நகராட்சி கூப்பிடுவது போல, சாய்ந்தது பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிடுவது போல என்பார். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கும், பலகாரக் கடைப் பெட்டிக்கும் அதுதான். ஒரே தாளில் நாலைந்து இடத்தில் கேட்டால் தரமாட்டார். எல்லாரும் சாய்ந்து பேசினால் யார் பேச்சும் காதில் விழாதாம். பாதிரியாரிடமே இதற்காகச் சண்டை போட்டவர்.

அப்படிப்பட்ட மனிதர் தம் பள்ளித் தோழன் ஜெரார்தோ லாப்பெனா இறந்தபோது பட்டப்பெயர் வரியையே விட்டுவிட்டார். பள்ளியில் ஜெரார்தோ மதிய ரொட்டியில் பாதியைத் தங்கைக்காகச் சட்டைக்குள் ஒளிப்பதைக் காட்டிக்கொடுத்து, 'அரை ரொட்டி' என்று பெயர் வைத்ததே கனியோதான். அது தங்கைக்கு என்ற விவரம் பின்னால் தெரிந்ததும் கனியோவை வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்பது வருடம் அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை.

"பட்டப்பேரு எங்க?" என்று கேட்டேன்.

"செத்தப்புறமாவது அவனை நிம்மதியா விடுவோம்," என்றார்.

பட்டப்பெயர் இல்லாமல் யாருக்கும் ஆள் அடையாளம் தெரியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புனித ஜெரார்தோ காக்கும் ஊரில் கால்வாசி ஆண்கள் ஜெரார்தோ. லாப்பெனாக்களோ தெருவுக்கு நாலு வீடு. இருந்தும் வாயை மூடிக்கொண்டு ஒட்டினேன். படித்தவர்கள் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு நடந்தார்கள். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை; வீடும் ஊருக்கு வெளியே, திராட்சைத் தோட்டத்தில். அடக்கத்துக்கு வந்தது பாதிரியார், ஜெரார்தோவின் மனைவி ஃபிலோமேனா, கனியோ, நான். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் கல்லறைக் காவலாளியைக் கூப்பிட்டோம்.

முப்பதாம் நாள் பூசைக்குக் கனியோ புதிய சுவரொட்டி அடித்தார். தாள் முழுக்க, தடித்த சாய்வெழுத்தில், 'அரை ரொட்டி'. கோயில் நிரம்பி வழிந்தது. அவனா போனான் என்று அழாதவர் இல்லை.

பூசை முடிந்ததும் கனியோ ஃபிலோமேனாவிடம் போய், அந்தப் பெயர் அவனை நோகடித்திருக்கும் என்றுதான் விட்டுவிட்டதாகச் சொன்னார். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எங்க வாசக்கதவுல அவரே அந்தப் பேரைத்தான் பெயின்ட்ல எழுதி வச்சிருக்காரு, கனியோ," என்றாள். "உன் எழுத்து மாதிரியே, சாய்ச்சு. நீ ஒரு தடவ வந்திருந்தா பாத்திருப்ப."