கார்த்திகை முதல் நாள் நான் செய்தது

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், சாமி விஷயமாயிற்றே என்று மூடி வைத்துவிடுவேன். ஐயப்பன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் மேல்தான்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு வேலை பாடியில், வீடு கொரட்டூரில். ஆவடி குவார்ட்டர்ஸில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை, ஐப்பசி கடைசி நாள் சாயங்காலம் ரயில் பிடித்து வந்து நின்றாள். இடது காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது. புருஷன் அறைந்தானாம். இது முதல் தடவை இல்லை என்பதையும் அன்றுதான் சொன்னாள்.

மறுநாள் காலை அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். அவனிடம் நியாயம் கேட்காமல் அவளை அங்கே விடுவதில்லை என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

கதவைத் திறந்தவன் கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசிமாலையுமாக நின்றான். அன்று கார்த்திகை ஒன்று. அதுவரை மலைப் பக்கமே போகாதவன். ஆனாலும் மாலை போட்டவர் யாராக இருந்தாலும் சாமிதானே. நானும் வருஷா வருஷம் மலைக்குப் போகிறவன். என்னை அறியாமல் கைகூப்பி, "சாமி சரணம்" என்றேன். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை.

அவன் அழ ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவளுக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை என்று அவர்களிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறான்.

"தானா கதவுல இடிச்சிக்கினு என் மேல பழி போடுது சாமி. நான் விரதம் இருக்கிறது அதுக்குப் பிடிக்கல. பரவால்ல, மாலை மேல சத்தியமா நான் மன்னிச்சிட்டேன்."

மாலை போட்டுக்கொண்டு ஒருவன் பொய் சொல்லுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தங்கையிடம் சொன்னேன்: "சாமி கால்ல விழுந்து கும்பிட்டுக்கோம்மா."

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு விழுந்தாள்.

அதற்கப்புறம் அவள் எதுவுமே சொன்னதில்லை. சௌக்கியமாக இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து, கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. அந்தக் காது அப்போதே கேட்காமல் போயிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா மறுபடியும் கால்ல வுழச் சொல்லுவண்ணா."

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அந்தக் காது மட்டும் மறுபடி கேட்கவே இல்லை. அவன் இன்று அங்கே மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடும் குருசாமி.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். யாருக்காவது இதைச் சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். அவன் அழுததைச் சொல்லுங்கள், அவளை விழச் சொன்னது கூடப்பிறந்த அண்ணன்தான் என்பதையும் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம்.