டர்லோ ருவாவின் கழிவுக்குழி

செத்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற வழியில் அப்படியே கோஸ்டிகன் மதுக்கடைக்குள் நுழைந்து, ஒரு கிளாஸ் கருப்பு பீர் குடித்துவிட்டுப் போகிற ஆள் ஃபிண்டன் டெலஹன்ட். சாக்கடை தோண்டுவது அவர் தொழில். அடைத்துக்கொண்ட குழாய்க்குள் தோள்வரை கையை விடுவார். அதே கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு ரொட்டி தின்பார். அயர்லாந்தில் எங்கள் கில்வோரன் ஊரில் எதற்கும் முகம் சுளிக்காத ஒரே மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஆள். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் செத்துப்போன அப்பாவின் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஊரோரத்துப் பாழுங்கோட்டைக்குப் போவார். கூரை இல்லாத மண்டபத்தில் நின்று, வந்தவர்களுக்கு டர்லோ ருவாவின் கதையைச் சொல்வார். அவர் அப்பா சொன்னது, அதற்கு முன்னால் தாத்தா சொன்னது. ஆங்கிலேயப் படை பதினோரு வாரம் கோட்டையை வளைத்து நின்றது. கடும் பனிக்காலம். ஊர் ஜனம் மொத்தமும் கோட்டை முற்றத்தில் அடைக்கலம். கோட்டைத் தலைவன், செந்தலையன் டர்லோ கடைசி ரொட்டியை எல்லோருக்கும் சமமாக வெட்டிக் கொடுத்தான். தன் பங்கை மண்டபத்து வாசல்காவலன் கையில் வைத்தான். பிறகு கோட்டை விழுந்தது, எரிந்தது. டர்லோ சதுப்பு நிலத்தின் வழியே தப்பி ஸ்பெயினுக்குப் போனான்.

"அந்தக் காவல்காரன்தான் எங்க வம்சத்து மூத்தவன்" என்று முடிக்கும்போது ஃபிண்டனுக்குக் கண் கலங்கும். ஒவ்வொரு ஞாயிறும் கலங்கும். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. அந்த வாசல்காவலன்தான் அவருடைய சொத்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம் வசந்தத்தில் டப்ளினிலிருந்து மிஸ் கார்வி என்ற அகழாய்வுப் பெண் வந்தாள். பொன், வாள், கல்லறை எதுவும் அவளுக்கு வேண்டாம். கோட்டைச் சுவருக்குள் அந்தக் காலத்துக் கழிப்பறைகள் உண்டு. கல்லில் ஒரு ஓட்டை, கீழே ஆழமான பொந்து, அடியில் குழி. அந்தக் குழிகள்தான் அவளுக்கு வேண்டும். ஊரே சிரித்தது. ஃபிண்டனைத் தோண்டக் கூப்பிட்டாள். தோண்டியதைச் சல்லடையில் போட்டுக் கழுவ ஆள் கேட்டபோது நான் போனேன். என் புருஷன் இங்கிலாந்தில் கட்டட வேலைக்குப் போனவன், கடிதம் போடுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இரண்டு குழிகள். ஒன்று டர்லோவின் மண்டபத்துக்குக் கீழே. இன்னொன்று ஊர் ஜனம் அடைந்து கிடந்த முற்றத்தின் ஓரத்தில். இரண்டிலும் மேலே கரியும் சாம்பலும் ஒரு முழத்துக்கு மூடியிருந்தன, கோட்டை எரிந்தபோது விழுந்தவை.

"சாம்பலுக்கு நேர் கீழ இருக்கிறதுதான் அந்தப் பதினோரு வாரம்" என்றாள் மிஸ் கார்வி. "அதைக் கலக்காம எடுங்க, மிஸ்டர் டெலஹன்ட்."

சாம்பலை உடைத்ததும் நாற்றம் வந்தது. முந்நூற்றைம்பது வருஷத்து மலம். ஈரத்தில் காற்றுப் படாமல் கிடந்ததால் நேற்றுப் போனது மாதிரி இருந்தது. பச்சைக் கறுப்பாகக் கூழ்போல வாளியில் ஏறி வந்தது. நான் முதல் நாள் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். தலைமுடியில் ஏறிய நாற்றம் சோடா உப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. பூசையில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

ஃபிண்டன் குழிக்குள்ளிருந்து சத்தமாகப் பேசுவார். "ஏ டிம்ப்னா, மூக்கப் பொத்தாத. ராஜ மலம் இது. மரியாதையா முகர்ந்து பாரு."

மண்டபத்துக் குழியை முதலில் முடித்தோம். என் சல்லடையில் பொடிப்பொடியாக மஞ்சள் விதைகள் தங்கின. தக்காளி விதை அளவுகூட இல்லை, ஆயிரக்கணக்கில். பிறகு திராட்சை விதை, செர்ரிக் கொட்டை, சிப்பி ஓடு, பால்குடி மறக்காத பன்றிக்குட்டியின் எலும்பு.

"இந்த மஞ்சள் விதை என்ன மிஸ்?" என்று கேட்டேன்.

"அத்திப்பழம். ஸ்பெயின்லருந்து கப்பல்ல வந்தது. பெட்டி பெட்டியா வச்சிருந்திருக்காங்க."

ஃபிண்டன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "முற்றுகைக்கு முன்னாடி தின்னதா இருக்கும்" என்றார். மிஸ் கார்வி சாம்பலைக் காட்டினாள், அதற்கு நேர் கீழே விதைகள் இருந்த இடத்தைக் காட்டினாள்.

அடுத்த வாரம் முற்றத்துக் குழி. அதில் விதை இல்லை. புல் இருந்தது, மென்று துப்ப முடியாமல் விழுங்கிய புல். மரப்பட்டை. எலி எலும்பு, நாய் எலும்பு. பல்லால் கடித்துக் கடித்து விழுங்கிய தோல்வார்த் துணுக்குகள். மிஸ் கார்வி ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். எலுமிச்சம்பழம் போன்ற உருவங்கள் கண்ணாடி நிறைய. குடற்புழுவின் முட்டை.

வியாழக்கிழமை ஃபிண்டன் வாளியை அனுப்பாமல் தானே ஏணியில் ஏறி வந்தார். உள்ளங்கையில் ஒரு சின்னச் செருப்பு. நான்கு வயதுக் குழந்தை போடும் அளவு. முன்பாதி இல்லை. விளிம்பில் பல் தடம் வரிசையாக இருந்தது.

மூன்று வாரம் குழியோரத்தில் உட்கார்ந்தே பன்றி இறைச்சியும் ரொட்டியும் தின்றவர், அன்று பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு நாய்க்குப் போட்டார்.

"மண்டபத்துக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், மிஸ்?" என்று கேட்டார்.

"முற்றத்துப் பக்கம்."

"அப்ப கதவுகிட்ட நின்னவனுக்கு ரெண்டும் தெரிஞ்சிருக்கும்."

அவர் என்ன சொல்கிறார் என்று அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை.

அந்த ஆகஸ்டில் கோட்டை விழா. டர்லோவின் வம்சம் என்று ஒருவர் பாஸ்டனிலிருந்து மனைவியோடு வந்திருந்தார். 'தன் ரொட்டியைப் பகிர்ந்தவன்' என்று பொறித்த கல்லைத் திறந்து வைக்க ஏற்பாடு. மதுக்கடைக் கோஸ்டிகன்தான் விழாக்குழுத் தலைவர். முந்தைய வாரமே ஃபிண்டனைப் பிடித்துக்கொண்டார்.

"குழியில என்ன கிடந்தா நமக்கென்ன? நீ எப்பவும் சொல்றதச் சொல்லு. அழுற இடத்துல அழு. அந்தப் பாஸ்டன் மனுஷன் மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கான்."

"சொல்றேன்" என்றார் ஃபிண்டன்.

சொன்னார். அப்பாவின் கோட்டில் வந்து நின்று, பனிக்காலம், முற்றுகை, பதினோரு வாரம் என்று வழக்கமான வார்த்தைகளிலேயே போனார். ரொட்டி வந்ததும் நிறுத்தினார்.

"ரொட்டியே கிடையாது" என்றார். "டர்லோ அத்திப்பழம் தின்னான். பன்றிக்குட்டி தின்னான். அவன் பேண்டத நானே இந்தக் கையால அள்ளினேன், அதனால எனக்குத் தெரியும். கீழ முற்றத்துல பிள்ளைங்க செருப்பத் தின்னுச்சுங்க. நடுவுல ஒரு கதவு. அதப் பூட்டிக்கிட்டு நின்னவன் எங்க ஆளு. உள்ள கறி வேகற வாசனையும் வெளிய பிள்ளை அழுற சத்தமும் அவனுக்குக் கேட்டிருக்கும். அவனுக்கும் ஒரு எலும்பு போட்டிருப்பாங்க, இல்லைன்னா நான் பொறந்திருக்க மாட்டேன்."

பாஸ்டன்காரரின் மனைவி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். கோஸ்டிகன் கைதட்டி வாத்தியக்காரர்களை வாசிக்கச் சொன்னார். இசையோடு கல்லைத் திறந்துவிட்டார்கள். கூரை மட்டும் வரவில்லை.

அதோடு ஃபிண்டனை ஊர் கழித்துக் கட்டியது. மதுக்கடையில் அவர் கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்தார்கள். கூரை போச்சே என்று சிலருக்குக் கோபம். பெரும்பாலோருக்கு அதுகூட இல்லை, கதை போனதுதான் கோபம். கோஸ்டிகனின் மருமகன் ஒருவன் இரவல் வாளோடு ஞாயிறுதோறும் பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்தான். ஃபிண்டன் மூன்று மைல் நடந்து, கோட்டையே இல்லாத பக்கத்து ஊரில் போய்க் குடித்தார். அங்கே கால்பந்து மட்டும் பேசுவார்கள்.

ஒருமுறை வழியில் பார்த்தபோது கேட்டேன், ஏன் சும்மா இருந்திருக்கக் கூடாது என்று.

"முப்பது வருஷம் அழுதிருக்கேன் டிம்ப்னா, அந்தக் காவல்கார நாய்க்காக" என்றார். "நெனச்சா வாயெல்லாம் கசக்குது."

எழுபத்திரண்டாம் வருஷம் நெஞ்சு அடைத்து இறந்தார். அடக்கப் பூசையில் பாதிரியார் மேடையேறி, கடைசி ரொட்டியைப் பெற்ற விசுவாசமான வாசல்காவலனின் வாரிசு என்று அவரைப் புகழ்ந்தார். கோஸ்டிகன்தான் எழுதிக் கொடுத்தார் என்று எல்லோருக்கும் தெரியும். ஃபிண்டனின் தங்கை ஊனா என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

பிறகு ஊனாவின் வீட்டில் தேநீரும் கேக்கும். கோஸ்டிகன் எல்லோரிடமும் கைகுலுக்கிக்கொண்டு வந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். சூடான, வியர்த்த கை.

"தங்கமான மனுஷன்" என்றார். "அந்தக் குழியில இறங்கினதுல கடைசியில கொஞ்சம் மூளை கலங்கிடுச்சு, பாவம்."

நான் கையை உருவிக்கொண்டு ஊனாவின் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். துணி துவைக்கும் சோப்புதான் இருந்தது. அதைப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன்.