முனியாண்டி இரண்டு

நேற்று பினாங்கில், பாயான் பாரு கிளினிக்கில் கவுண்டர் பெண் "முனியாண்டி" என்று கூப்பிட்டாள். எழுந்தேன். முனியாண்டி என் அப்பா. நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயர்தானே கூடவே வருகிறது? ஏர்கான் குளிரின் ஈரத்துணி வாடையில் பழைய ஆபீஸ் நினைவு வேறு வந்து தொலைத்தது.

தொண்ணூறுகளில் இங்கே ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு நாள் கணினி நிபுணர் ஒருவர் வந்து இறங்கினார். தமிழர்தான், லண்டனில் படித்தவர். டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஊழியர்களுக்கு ஓர் அட்டவணை, மருத்துவச் சலுகைக்காக அவர்களின் அப்பாக்களுக்கு ஓர் அட்டவணை. திரையில் இரண்டுக்கும் நடுவே ஒரு கோட்டை இழுத்துவிட்டு, பினாங்குப் பாலத்தையே கட்டி முடித்தவர் மாதிரி நின்றார்.

"இதுதான் உறவு. ஒரு அப்பா, பல பிள்ளைங்க. புரியுதா?"

ரப்பர் தோட்டத்தில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தவளிடம் இதைச் சொல்கிறார், பாருங்கள்.

அடையாள அட்டை எண் எல்லோருக்கும் இருந்தது. அது மகானுபாவர் கண்ணில் படவில்லை. அப்பாவின் பெயரை வைத்தே இணைத்தார். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் கணினி ஏற்காதாம், அதனால் ஒரு முனியாண்டியை அழித்துவிட்டார். தாசேக் கெலுகோர் ஊர்க்கார முனியாண்டி என் அப்பா. நிபோங் திபால் முனியாண்டி, அதே தொழிற்சாலையில் வேலை செய்த ரவியின் அப்பா. ரவியைத்தான் நான் கட்டிக்கொள்ளவிருந்தேன். தம்பதிகளுக்குக் கம்பெனி கொடுக்கும் வீட்டுக்கு எழுதிப் போட்டோம். இல்லையென்று வந்தது. கணினிக் கணக்கில் நாங்கள் அண்ணன் தங்கை. வீடு கிடைக்காவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகும் அவர் ஹாஸ்டலில், நான் தாசேக் கெலுகோரில்.

"சார், ரெண்டு பேரும் வேற வேற ஆளுங்க."

"சிஸ்டத்துல ஒருத்தர்தான்லா இருக்காரு." கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒங்கப்பா பேருக்குப் பின்னால ரெண்டு போட்டுர்றேன். முடிஞ்சிச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வேண்டுமே, வாயை மூடிக்கொண்டேன். வீடு கிடைத்தது. சில வருடம் கழித்து அப்பா இறந்தபோது கம்பெனி மலர்வளையம் அனுப்பியது. ரிப்பனில் 'முனியாண்டி 2'. துக்கத்துக்கு வந்தவர்கள் முதலாவது யார் என்று கேட்டார்கள். அந்த டைக்காரரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தொழிற்சாலை இப்போது இல்லை. அவருடைய சிஸ்டத்தைத் திறக்க எந்தக் கணினியும் இல்லை. நல்லதாகப் போயிற்று. இதே கிளினிக்கில் "முனியாண்டி" என்றால் முன்பெல்லாம் நானும் ரவியும் சேர்ந்தே எழுந்திருப்போம். "எந்த முனியாண்டி?" என்று அந்தப் பெண் சலித்துக்கொள்வாள். போன வருடம் ரவி இறந்துவிட்டார்.

நேற்று அவள் எதுவும் கேட்கவில்லை.